‘இந்த வேலைக்கு நான் தகுதியானவன்தானா?’ என்ற ஐயத்தைக் கையாளும் முறை

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி டீமேக்கராக, அதாவது தேயிலை பதமாவதைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும், என்னைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், இன்றோ நாளையோ குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தோடுதான் ஷிப்டுக்குப் போனேன். இப்போது என்னிடம் வேலை கற்க வரும் இளைஞர்களும் அதையே சொல்வதால், எனக்குப் பயன்பட்டதை எழுதுகிறேன்.

இந்த மனநிலையை 1978இல் முதலில் விவரித்தவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள். சாதனை படைத்த பெண்கள் பலர், தங்கள் வெற்றிக்கு அதிர்ஷ்டம், தேர்வாளர்களின் பிழை என்று திறமையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காரணமாகக் கருதியதை அவர்கள் கண்டார்கள். ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்ற பெயர் பரவிவிட்டாலும் இது நோயன்று, ஆண்களுக்கும் வருவது.

முதலில், அந்த எண்ணத்தோடு வாதாடுவதை விட்டுவிட்டு ஒரு நோட்டு வாங்குங்கள். முடிவு தெரிவதற்கு முன்பே உங்கள் கணிப்பை அதில் எழுதுங்கள். பிறகு நடந்ததை அதன் எதிரில் எழுதுங்கள். என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைபட்ட கொழுந்தைக் காற்றுப்பட வைத்துப் பதப்படுத்தும் ஃபெர்மென்டிங்கில் அது பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் கொள்ளும். புல் வாசம் அடங்கிப் பழ வாசம் எழும். எந்த நிமிடத்தில் அதை உலர்த்தும் டிரையருக்கு அனுப்புவது என்பதில்தான் தேநீரின் நிறமும் விறுவிறுப்பும் இருக்கின்றன. மூத்த டீமேக்கர் வந்து முகரும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். நோட்டு தொடங்கிய பின், அவர் வருவதற்குள் நேரம், வானிலை, என் கணிப்பு மூன்றையும் எழுதி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டியபோது பெரும்பாலும் இருவர் கணிப்பும் ஒன்றாகவே இருந்தன. மாறுபட்டவை அநேகமாக மூடுபனி நாட்கள். குளிரில் ஃபெர்மென்டிங் மெதுவாகும் என்பதை மறந்து நான் கடிகாரத்தை நம்பியிருந்தேன். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற பெரிய அச்சம், ‘குளிர்நாளில் மூக்கை நம்பப் பழக வேண்டும்’ என்ற சிறிய வேலையாகச் சுருங்கியது அன்றுதான்.

அடுத்து, கேள்வி கேட்கும்போது உங்கள் கணிப்பையும் சேர்த்தே கேளுங்கள். “என்ன செய்யட்டும்?” என்பதை விட, “அண்ணா, இன்னும் பத்து நிமிடம் பொறுக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்களும் ஒருமுறை பாருங்கள்” என்று கேட்டால் கற்பதும் மிகுதி, மரியாதையும் குறையாது. யாரேனும் பாராட்டினால், “ஏதோ நேரம் நல்லாயிருந்தது” என்று தட்டிக்கழிக்காமல் நன்றி மட்டும் சொல்லுங்கள். அடக்கம் வேறு, செய்த உழைப்பை மறுப்பது வேறு.

ஒன்றைக் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். தமிழ்வழியில் படித்தவர் என்றோ தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்றோ உங்களை மட்டம் தட்டுகிறார்கள் என்றால், குறை அந்த இடத்தில் இருக்கிறது; அதற்கு மருந்து நோட்டு அன்று, நம்பிக்கைக்குரிய மேலதிகாரியிடம் பேசுவதும் தேவைப்பட்டால் வேறு வேலை தேடுவதும்தான். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, சரியாகிவிட்ட வகைக் கணிப்புகளை எழுதுவதை நிறுத்திவிடுங்கள். நான் இன்று எழுதுவது ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களின் பக்கங்களை மட்டுமே.