யு-பூட்டில் ஒரு போர்டைப் பராமரிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யு-பூட் ஒரு பூட்லோடர்: போர்டுக்குக் கரண்ட் வந்ததும் ஓடி, கெர்னலை மெமரிக்கு ஏற்றிக் கிளப்பிவிடும் நிரல். ஆல்வின்னர் சிப் உள்ள போர்டுகளில், எஸ்டி கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி எஸ்பிஎல் இருக்கும். சிப்புக்குள்ளேயே பொறித்திருக்கும் பூட் ரோம் முதலில் எடுத்து ஓட்டும் சின்ன நிரல் அது. அதற்குப் பின்னால் முழு யு-பூட். 544 கிலோபைட்டில் என்விரான்மென்ட், அதாவது பயனர் மாற்றிச் சேமித்துக்கொள்ளும் அமைப்புகள். பல வருடங்கள் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை. அப்புறம் 64-பிட் சிப்புகள் வந்தன. யு-பூட்டோடு, சிப்பின் பாதுகாப்புப் பகுதியைக் கவனிக்கும் ஆர்ம் ட்ரஸ்டட் ஃபர்ம்வேரும் ஒரே பொட்டலமாகச் சேர்ந்தது. பொட்டலம் பெருத்து 544ஐ நெருங்கியது. அதைத் தாண்டிவிட்டால் என்ன நடக்கும்? பயனர் ஒரு வேரியபிளை மாற்றிச் சேமிப்பார், சேமித்தாயிற்று என்று திரை சொல்லும், அடுத்த முறை கரண்ட் கொடுத்தால் போர்டு பூட் ஆகாது. சேமித்தது பூட்லோடரின் வால்பகுதி மேலேயே விழுந்திருக்கும்.

2018 வாக்கில் இதைச் சரிசெய்த விதம் கவனிக்க வேண்டியது. எண்ணை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் போகவில்லை. அப்படிச் செய்திருந்தால், ஏற்கெனவே பழைய இடத்தில் சேமித்து வைத்திருந்தவர்களின் அமைப்புகள் எல்லாம் மேம்படுத்திய அன்றே காணாமல் போயிருக்கும். என்விரான்மென்ட்டை ஃபேட் பார்ட்டிஷனில் ஒரு கோப்பாக வைத்தார்கள். படிக்கும்போது முதலில் அந்தக் கோப்பு, கிடைக்காவிட்டால் பழைய 544. சேமிக்கும்போதும் அதே வரிசை. ஒரே பில்டில் இரண்டு என்விரான்மென்ட் இடங்களை வைத்துக்கொள்ளும் வசதியே அதுவரை யு-பூட்டில் கிடையாது. இதற்காகவே அதை எழுத வேண்டியிருந்தது.

மூல நிரலில் ஒரு வரிதான் மாறுகிறது. ஆனால் அந்த வரியின் பழைய மதிப்பை நம்பி, நாம் ஒருபோதும் பார்க்கப்போகாத போர்டுகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. பூட்லோடர் பராமரிப்பில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால்தான் வருகின்றன.

யு-பூட்டின் வரலாறு சுருக்கமாக: வொல்ஃப்காங் டெங்க் 2000இல் பவர்பிசி சிப்புகளுக்காக பிபிசிபூட் என்று தொடங்கினார், 2002இல் இப்போதைய பெயர் வந்தது. 2012 முதல் டாம் ரினி தலைமைப் பராமரிப்பாளர். மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பிறகு சுமார் மூன்று வாரம் புதிய வேலைகளை ஏற்பார்கள், அதன் பிறகு திருத்தங்கள் மட்டும். ஒவ்வொரு போர்டுக்கும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் உங்களுடையது என்றால் மேலே படியுங்கள்.

எண்ணையும் பெயரையும் இஷ்டத்துக்கு மாற்றுவது

என்விரான்மென்ட்டின் இடமும் அளவும் யு-பூட்டுக்குள் மட்டும் இருக்கும் ரகசியம் அல்ல. லினக்ஸிலிருந்து அதைப் படித்து எழுதும் கருவிகள் உண்டு. அவற்றின் அமைப்புக் கோப்பில் அதே எண்களை யாரோ கையால் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் யு-பூட் பக்கம் அளவை மாற்றினால், தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் சிஆர்சி எண் பொருந்தாது. உடனே யு-பூட் ஒரு எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு, உள்ளே எழுதி வைத்த இயல்பு அமைப்புகளோடு தொடரும். போர்டு பூட் ஆகிவிடும், அதுதான் சிக்கல். நெட்வொர்க் முகவரி போயிருக்கும், ஏ, பி என்ற இரண்டு பார்ட்டிஷன்களில் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற நினைவும் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வேரியபிள் பெயர்களும் இப்படித்தான். கெர்னலை எங்கே ஏற்றுவது, டிவைஸ் ட்ரீ (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்) கோப்பின் பெயர் என்ன என்பதையெல்லாம் டிஸ்ட்ரிபியூஷன்களின் பூட் ஸ்கிரிப்ட்டுகள் அந்தப் பெயர்களை வைத்துத்தான் எடுக்கின்றன. அழகுக்காகப் பெயர் மாற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய பெயரையும் சில வெளியீடுகளுக்கு வைத்திருங்கள்.

ஏற்றும் முகவரிகளில் இன்னொரு பொறி. கெர்னல் கோப்பு 20 எம்பி, அதனால் 24 எம்பி தள்ளி டிவைஸ் ட்ரீயை வைத்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கெர்னலின் பிஎஸ்எஸ் பகுதி, அதாவது தொடக்க மதிப்பு இல்லாத வேரியபிள்களுக்கான இடம், கோப்பில் இடம் பிடிக்காது, ஆனால் மெமரியில் பிடிக்கும். ஓடத் தொடங்கியதும் கெர்னல் அந்த இடத்தைப் பூஜ்யமாக்கும், அங்கே டிவைஸ் ட்ரீ இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். சாதாரண கெர்னலில் எல்லாம் சரியாக இருக்கும். யாராவது டீபக் வசதிகளைப் போட்டுக் கெர்னலைக் கட்டிய அன்று, சீரியல் கன்சோலில் ஒரு எழுத்துகூட வராமல் நின்றுவிடும்.

இதைத் தீர்க்கப் பலர் எஃப்டிடி_ஹை என்ற வேரியபிளில் எல்லா பிட்டையும் 1 ஆக்கிவிடுகிறார்கள். டிவைஸ் ட்ரீயை இடம் மாற்றாதே, இருக்கிற இடத்திலேயே விடு என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் 64-பிட் ஆர்ம் கெர்னல் டிவைஸ் ட்ரீ 8 பைட் எல்லையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இடம் மாற்றுவதைத் தடுத்துவிட்டால் அந்த ஒழுங்கைச் செய்துதர யாரும் இல்லை. பழைய போர்டு கோப்புகளிலிருந்து நகலெடுத்து நகலெடுத்துப் பரவிய வழக்கம் இது. உங்கள் போர்டில் கண்டால் எடுத்துவிட்டு, இடம் மாற்றலாம், ஆனால் இந்த எல்லைக்குள் மட்டும் என்று சொல்லும் பூட்எம்_சைஸ் வேரியபிளைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, ஆல்வின்னர் கதையிலிருந்தே. ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை வழக்கமாக முதல் 34 செக்டர்களை, அதாவது 17 கிலோபைட்டைப் பிடிக்கும். எஸ்பிஎல் இருப்பதோ 8இல். கார்டை ஜிபிடியாக மாற்றுகிறவர் எஸ்பிஎல்லை அழித்துவிட்டு நம்மைத்தான் திட்டுவார். போர்டின் ஆவணத்தில் இதற்கு ஒரு வரி எழுதி வைப்பது நம் வேலை.

சூடான போர்டில் மட்டும் சோதிப்பது

புதிய யு-பூட்டை பழைய யு-பூட்டிலிருந்தே மெமரிக்கு ஏற்றி ஓட்டிப் பார்க்கிறோம். அல்லது ஜேடேக் என்ற டீபக் இணைப்பு வழியாக. அல்லது ரீசெட் பட்டனை அழுத்தி. மூன்றிலும் டிடிஆர் மெமரி ஏற்கெனவே விழித்திருக்கிறது, கிளாக்குகள் ஓடுகின்றன, பவர் சிப்பின் ரெஜிஸ்டர்களில் முந்தைய ஓட்டத்தின் மதிப்புகள் அப்படியே நிற்கின்றன. நீங்கள் ஒரு ரெகுலேட்டரை இயக்க மறந்திருந்தாலும் தெரியாது, ஏனென்றால் பழைய யு-பூட் அதை இயக்கிவிட்டுத்தான் போனது.

ஆகவே கரண்டை நிறுத்தி, கெப்பாசிட்டர்கள் வடியும் வரை விட்டு, பிறகு கொடுத்துப் பார்க்க வேண்டும். சீரியல் கேபிளையும் கழற்றிவிட்டு ஒருமுறை. யுஎஸ்பி-சீரியல் சிப்பின் சிக்னல் கம்பி வழியே போர்டுக்குள் கொஞ்சம் மின்னழுத்தம் கசிந்து, முழுசாக அணையவிடாமல் வைத்திருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். ரிலே போட்ட ஒரு பவர் ஸ்விட்ச்சும் சின்ன ஸ்கிரிப்ட்டும் இருந்தால் இரவு முழுக்க இதை ஓட விடலாம். செலவு அதிகம் இல்லை.

யு-பூட்டின் தானியங்கிச் சோதனையை நம்பி இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது எல்லாப் போர்டுகளையும் கட்டிப் பார்க்கும், நிஜப் போர்டு இல்லாமல் கணினியிலேயே ஓட்டும் சாண்ட்பாக்ஸிலும் க்யூஎமுவிலும் ஓட்டிப் பார்க்கும். உங்கள் மேசையில் இருக்கும் போர்டை அதற்குத் தெரியாது. வெளியீடு வந்த பிறகு சோதிப்பதும் தாமதம். முதல் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்ததுமே ஓட்டிப் பார்த்தால், உடைத்த பேட்ச்சை எழுதியவருக்கு அது இன்னும் நினைவில் இருக்கும்.

டிடிஆர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் மெமரி சிப்பை மாற்றிவிடுவார், போர்டின் பெயரோ பதிப்பு எண்ணோ மாறாது. உங்கள் கையில் உள்ள பழைய போர்டில் ஓடும் டைமிங் மதிப்புகள் புதியதில் விளிம்பில் நிற்கும். அறை வெப்பத்தில் ஓடி, பெட்டிக்குள் சூடானதும் கெர்னல் சம்பந்தமில்லாத இடங்களில் செத்து விழும். “கெர்னல் பக்” என்று வரும் புகார்களில், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டிடிஆரைத்தான்.

திரும்பி வரும் வழியைப் பார்க்காமல் மேம்படுத்தச் சொல்வது

போர்டில் பதித்திருக்கும் இஎம்எம்சி சேமிப்புச் சிப்பில் பூட்0, பூட்1 என்று இரண்டு தனிப் பகுதிகள் உண்டு. பயன்பாட்டில் இல்லாத பகுதியில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கடைசியாக எந்தப் பகுதியிலிருந்து பூட் ஆவது என்ற அமைப்பை மாற்றலாம். நடுவில் கரண்ட் போனாலும் பழையது இருக்கும். இவ்வளவு வசதி இருந்தும், ஓடிக்கொண்டிருக்கும் பகுதியின் மேலேயே எழுதும் ஸ்கிரிப்ட்டுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அதோடு, ஒரு போர்டையாவது வேண்டுமென்றே கெடுத்து மீட்டுப் பாருங்கள். ஆல்வின்னரில் எஃப்இஎல், ராக்சிப்பில் மாஸ்க்ரோம், என்எக்ஸ்பியில் எஸ்டிபி என்று யுஎஸ்பி வழியாக மீட்கும் முறை பெரும்பாலும் பூட் ரோமிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கான பின்கள் போர்டில் வெளியே எடுக்கப்பட்டிருக்கின்றனவா, சிப்புக்குள் திரும்ப மாற்ற முடியாத ஃபியூஸை எரித்து அந்த வழியை அடைத்திருக்கிறார்களா என்பது போர்டுக்குப் போர்டு மாறும்.

அளவு

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பீகிள்போன் பிளாக்கில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பில் பூட் ரோம் ஏற்றும் முதல் நிரல் 109 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய ஆல்வின்னர்களில் 32. புதிய ஜிசிசி கம்பைலர், பொதுக் கோடில் யாரோ சேர்த்த ஒரு பிழைச்செய்தி, எதுவும் இதைத் தாண்டவைக்கலாம். அளவு எல்லையை கான்ஃபிகில் சரியாகக் குறித்திருந்தால் லிங்கர் அங்கேயே நிறுத்தும். குறிக்காவிட்டால் பில்ட் ஆகும், போர்டு பூட் ஆகாது. எல்லை போடும்போது ஸ்டாக்கும் சிப்புக்குள் உள்ள அதே சின்ன மெமரியில் (எஸ்ராம்) தான் இருக்கிறது என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ரீலொகேஷனுக்கு முன் குளோபல் வேரியபிளைத் தொடுவது

யு-பூட் தொடக்கத்தில் ஓரிடத்தில் ஓடி, ராம் தயாரானதும் தன்னையே ராமின் மேல்பகுதிக்கு நகலெடுத்துக்கொள்ளும். அதற்கு முன் பிஎஸ்எஸ் என்ற பகுதியே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். 32-பிட் ஆர்மில் நெடுங்காலமாக பிஎஸ்எஸ்ஸும் ரீலொகேஷன் அட்டவணையும் ஒரே முகவரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்கப்பட்டிருந்தன. இடத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. உங்கள் போர்டு கோடில் ஒரு ஸ்டாட்டிக் வேரியபிளில் 1 என்று எழுதினால், அட்டவணையில் ஏதோ ஒரு பதிவு கெடும். யு-பூட் இடம் மாறிய பிறகு, சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவரில் போய் விழும். ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் விழும் இடம் மாறும்.

ஜிடி என்ற குளோபல் டேட்டா அமைப்பு இதற்காகவே இருக்கிறது. மற்றவர்கள் அனுப்பும் பேட்ச்சைப் பார்க்கும்போதும், ஆரம்பக் கட்ட ஃபங்ஷன்களில் மதிப்பு கொடுக்காத ஸ்டாட்டிக் தெரிந்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

கையொப்பம் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று இருப்பது

கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஒரே கோப்பாகக் கட்டிய ஃபிட் இமேஜில் கையொப்பம் சரிபார்க்கும் வசதியை இயக்கிவிட்டு, நல்ல இமேஜ் பூட் ஆகிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் இங்கே பரவலான தவறு. பார்க்க வேண்டியது கெட்ட இமேஜை. ஒரு பைட்டை மாற்றி, அப்புறம் கையொப்பமே இல்லாமல், அப்புறம் வேறு சாவியால் கையொப்பமிட்டு. பொதுச் சாவியை யு-பூட்டின் டிவைஸ் ட்ரீயில் சேர்க்கும்போது ‘இது கட்டாயம்’ என்ற குறிப்பு விட்டுப்போனால், கையொப்பம் இல்லாத இமேஜும் மறுபேச்சில்லாமல் பூட் ஆகும். கெர்னலுக்குத் தனியாக, டிவைஸ் ட்ரீக்குத் தனியாகக் கையொப்பமிட்டால், ஒரு பதிப்பின் கெர்னலை இன்னொன்றின் டிவைஸ் ட்ரீயோடு கலந்து கொடுக்க முடியும். கான்ஃபிகரேஷன் முழுவதற்கும் கையொப்பமிடச் சொல்வது அதனால்தான்.

இதையெல்லாம் செய்துவிட்டு சீரியல் கன்சோலைத் திறந்து வைத்தால் என்ன பயன்? ஃபிட் அல்லாத வெறும் கெர்னலை ஏற்றி ஓட்டும் கட்டளைகள் அங்கே இருக்கின்றன. என்விரான்மென்ட் எழுதக்கூடியதாக இருந்தால் பூட் கட்டளையையே மாற்றிவிடலாம்.

2021இல் வந்த சிவிஇ-2021-27097, 27138 என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டை அறிக்கைகளையும் ஒவ்வொரு பராமரிப்பாளரும் படிக்க வேண்டும். இரண்டாவது சொல்வது இது: ஃபிட்டுக்குள் ஒரு நோடின் (பதிவின்) பெயரில் @ குறி இருந்தால், ஒரு பெயரைத் தேடும்போது அதே பெயரோடு @1 சேர்ந்த வேறொரு நோடும் பொருந்திவிடும். சரிபார்த்தது ஒன்று, ஓடியது இன்னொன்று என்று ஆக்க இது போதும். அந்த @ பெயர்கள் முன்பு யு-பூட்டின் சொந்த மாதிரிக் கோப்புகளிலேயே இருந்தவை. கையொப்பம் இயக்கிய பில்டில் @ உள்ள இமேஜ்களை மறுப்பது என்று திருத்தினார்கள். பழைய மாதிரியைப் பின்பற்றியவர்களின் இமேஜ் அதனால் நின்றுபோகும். பழையதை உடைக்காதே என்று மேலே அவ்வளவு சொன்னேன். இது உடைத்தே ஆக வேண்டிய இடம். ஆனால் உடைப்பதை வெளியீட்டுக் குறிப்பில் உரக்கச் சொல்ல வேண்டும்.

தேவையில்லாத கட்டளைகளை அணைத்து வைப்பதும் பாதுகாப்புதான். 2019இல் நெட்வொர்க் கோடில், பெரும்பாலும் நெட்வொர்க் வழியாகக் கோப்பு படிக்கும் என்எஃப்எஸ் வசதியில், 13 ஓட்டைகள் வெளிவந்தன. கடையில் விற்கும் பெட்டிக்கு என்எஃப்எஸ் பூட் எதற்கு?

தனிக் கிளையில் உட்கார்ந்துவிடுவது

சிப் தயாரிப்பாளர் கொடுத்த பழைய யு-பூட்டில் நூற்றுக்கணக்கில் பேட்ச் போட்டு வைத்துக்கொண்டு, ‘நேரம் கிடைக்கும்போது’ மேல்நிலைக்கு, அதாவது யு-பூட்டின் மூலத் திட்டத்துக்கு, அனுப்பலாம் என்று இருப்பார்கள். அதற்குள் அடித்தளம் நகர்ந்துவிடும். 2014இல் டிரைவர் மாடல் என்ற, டிரைவர்களை எழுதும் புதிய பொது முறை வந்தது. ஒவ்வொரு துணை அமைப்பாகக் கெடு வைத்து, மாறாத போர்டுகளை நீக்கினார்கள். நீக்கப்பட்ட பிறகு கோபப்பட்டவர்களில் பலர், பில்டின்போது ஒவ்வொரு முறையும் வந்த எச்சரிக்கையைப் படிக்காதவர்கள்.

டிவைஸ் ட்ரீயிலும் இதே சோம்பல். கெர்னலிலிருந்து நகலெடுத்து, யு-பூட்டுக்கு வேண்டியதை அதற்குள்ளேயே கையால் திருத்தினால், அடுத்த நகலில் எல்லாம் போகும். யு-பூட்டுக்கு மட்டும் உரிய சேர்க்கைகளுக்குத் தனி டிடிஎஸ்ஐ கோப்பு உண்டு. 2024 முதல் கெர்னல் டிவைஸ் ட்ரீகளே யு-பூட் மரத்துக்குள் வந்து அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதால், நகல் வைத்திருக்கும் வேலையே பல போர்டுகளுக்கு இல்லை. இந்த மாற்றத்துக்கு இன்னும் போகவில்லை என்றால் இந்த வெளியீட்டிலேயே பாருங்கள்.

கடைசியாக, அந்த மெயின்டெய்னர்ஸ் வரி. வேலை மாறியவுடன் அலுவலக மின்னஞ்சல் செத்துவிடும், பெயர் மட்டும் கோப்பில் இருக்கும். மற்றவர்கள் உங்கள் போர்டைத் தொடும் பேட்ச்சுகளை அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு, பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். கிளம்புவதற்கு முன் முகவரியை மாற்றுங்கள், அல்லது போர்டு கையில் உள்ள இன்னொருவர் பெயரைச் சேருங்கள். யாரும் இல்லையென்றால் நிலையை ‘ஆர்ஃபன்’ என்று மாற்றி ஒரு பேட்ச் அனுப்பினால் போதும்.