பாமாயில் வாங்குகிறீர்களா? முதலில் எந்த ஆலை என்று கேளுங்கள்

சோப்பு, பிஸ்கட், கிரீம், மெழுகுவத்தி, பொரித்த பண்டம் என்று எதையாவது சிறிய அளவிலோ நடுத்தர அளவிலோ தயாரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாமாயிலோ அதிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒரு பொருளோ அநேகமாக உங்கள் கையில் புழங்கும். அது காட்டை அழித்து வந்ததா, யாருடைய கூலியையாவது பிடுங்கி வந்ததா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதற்குப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பலரும் சப்ளையரிடம் “சர்டிபிகேட் இருக்கிறதா?” என்று கேட்டு, ஒரு பி.டி.எஃப். வந்து சேர்ந்ததும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் “இது எந்த ஆலையில் பிழிந்த எண்ணெய்?” என்று கேளுங்கள்.

ஏன் ஆலை? பாமாயில் தருகிற மரம் செம்பனை. அதன் குலை ஒன்று சாதாரணமாக 20 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். உயரமான மரமாக இருந்தால் நீளக் கழியில் பொருத்திய அரிவாளால் அறுத்துக் கீழே தள்ளுவார்கள். விழுகிற வேகத்தில் பழம் நசுங்கும், நசுங்கியதுமே பழத்துக்குள் இருக்கிற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும், கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் அறுத்த 24 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 48 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆகவே எந்த ஆலையும் வெகுதூரத்திலிருந்து பழம் வாங்க முடியாது, பெரும்பாலும் 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான். ஆலையைத் தாண்டிவிட்டால் சுத்திகரிப்பு நிலையம், துறைமுகத் தொட்டி, கப்பல், இறங்குகிற இடத்தில் இன்னொரு தொட்டி என்று போகிற இடமெல்லாம் எண்ணெய் கலந்துகொண்டே போகும். ஆலையின் பெயர் கிடைத்துவிட்டால், உங்கள் எண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிடலாம். அது இல்லாமல் “இந்தோனேசியா”, “மலேசியா” என்று மட்டும் தெரிந்து ஒரு பயனும் இல்லை. உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வருகிறது.

பாமாயிலையே விட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் யோசிக்கலாம். நல்ல எண்ணத்தில்தான் யோசிக்கிறீர்கள், ஆனால் கணக்கு உதைக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சங்கமான ஐ.யூ.சி.என். 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, எண்ணெய்ப் பயிர்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலிருந்து உலகத் தாவர எண்ணெயில் சுமார் 35 சதவீதத்தைச் செம்பனை தந்துவிடுகிறது. அதே அளவு எண்ணெய்க்கு வேறு பயிருக்கு மாறினால் ஒன்பது மடங்கு வரை நிலம் தேவைப்படலாம். சோயாவுக்கு மாறினால் அழிவு இன்னொரு காட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். உங்கள் பொருளுக்குப் பாமாயில் தேவையே இல்லை என்றால் தாராளமாக விடுங்கள். தேவை என்றால் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? உங்கள் மூலப்பொருள் பட்டியலில். “பாமாயில்” என்று நேரடியாக எழுதியிருப்பது கொஞ்சம்தான். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால், சோடியம் லாரில் சல்பேட், இ471 என்று குறிக்கிற மோனோ-டை கிளிசரைடு எல்லாமே செம்பனையிலிருந்து வந்திருக்கலாம், தேங்காயிலிருந்தோ வேறு கொழுப்பிலிருந்தோ கூட வந்திருக்கலாம். சப்ளையர் சொன்னால்தான் தெரியும். அப்புறம், பழச் சதையிலிருந்து வருவது பாமாயில், கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வருவது பருப்பு எண்ணெய். இரண்டும் வேறு, பருப்பைப் பெரும்பாலும் வேறொரு ஆலையில் பிழிவதால் அதன் பாதையும் நீளம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டுக்கு எத்தனை கிலோ வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் அநேகமாக முக்கால்வாசி எடை இரண்டு மூன்று பொருளில் அடங்கிவிடும், உங்கள் உழைப்பை முதலில் அங்கே போடுங்கள். ஏதோ ஒரு நறுமணக் கலவையில் இருக்கிற சொட்டு எமல்சிஃபையரைத் துரத்திக்கொண்டு ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

இனி சான்றிதழ். இந்தத் துறையில் அதிகம் புழங்குவது ஆர்.எஸ்.பி.ஓ., அதாவது நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை, 2004இல் தொடங்கிய அமைப்பு, தலைமைச் செயலகம் கோலாலம்பூரில். உலகப் பாமாயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதன் சான்று பெற்றது. இந்தோனேசியாவுக்கு ஐ.எஸ்.பி.ஓ., மலேசியாவுக்கு எம்.எஸ்.பி.ஓ. என்று அரசுத் திட்டங்களும் உண்டு. அவை சட்டப்படி கட்டாயமானவை, அதனால் அடிமட்டத் தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்.எஸ்.பி.ஓ.வின் 2018 விதிகள், அந்த ஆண்டு நவம்பர் 15க்குப் பிறகு பாதுகாக்க வேண்டிய காட்டை வெட்டிப் புதுத்தோட்டம் போடக் கூடாது என்கின்றன. பீட் நிலத்தில், அதாவது பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கி முடியாத தாவரம் படிந்து கிடக்கிற ஈர நிலத்தில், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் புதிதாக நடக்கூடாது என்றும் சொல்கின்றன. அந்த நிலத்தைக் கால்வாய் வெட்டி வடித்தால் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், காய்ந்ததும் மண்ணே தீப்பிடிக்கும். 2015இல் இந்தோனேசியாவில் எரிந்தது சுமார் 26 லட்சம் ஹெக்டேர் என்று உலக வங்கி கணக்கிட்டது, அதில் கணிசமான பகுதி பீட் நிலம்.

ஆனால் “ஆர்.எஸ்.பி.ஓ. எண்ணெய்” என்று யாராவது சொன்னால் அதற்கு நான்கு அர்த்தம் இருக்கலாம், பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முதலாவது ஐடென்டிட்டி பிரிசர்வ்ட், சுருக்கமாக ஐ.பி.: சான்று பெற்ற ஒரே ஆலையின் எண்ணெய், கடைசி வரை எதோடும் கலக்காமல் வருவது. இரண்டாவது செக்ரிகேட்டட், எஸ்.ஜி.: பல ஆலைகளின் எண்ணெய் கலந்திருக்கும், ஆனால் எல்லாமே சான்று பெற்ற ஆலைகள். மூன்றாவது மாஸ் பேலன்ஸ், எம்.பி.: சான்று பெற்றதும் பெறாததும் ஒரே தொட்டியில் கலக்கும், எத்தனை டன் சான்று பெற்றது உள்ளே போனதோ அத்தனை டன்னைத்தான் அந்தப் பெயரில் வெளியே விற்கலாம். வங்கியில் போட்ட அதே நோட்டு திரும்பிக் கைக்கு வருவதில்லை, தொகை மட்டும் சரியாக வருகிறது, அதுபோலத்தான். நான்காவது கிரெடிட்: எண்ணெய் உங்களுக்கு வழக்கமான இடத்திலிருந்தே வரும், நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கிரெடிட் வாங்கி, எங்கோ ஒரு சான்று பெற்ற உற்பத்தியாளருக்குப் பணம் போக வைக்கிறீர்கள்.

எதைக் கேட்பது? நேரடியாக எண்ணெயாகவோ கொழுப்பாகவோ வாங்கினால் எஸ்.ஜி. கேளுங்கள், அதற்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வேதிப்பொருளாக மாறி வருகிறவற்றுக்கு, அதாவது மேலே சொன்ன கிளிசரின் வகையறாவுக்கு, இப்போதைக்கு எம்.பி. போதும். அந்தத் தொழிற்சாலைகளில் தனித்தனியாக ஓட்டுவது உண்மையிலேயே சிரமம், சிறிய வாடிக்கையாளருக்காக அவர்கள் செய்யவும் மாட்டார்கள். கிரெடிட்டைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு விதிவிலக்கோடு, அதைக் கீழே சொல்கிறேன். உங்கள் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே 2023இல் வந்த காடழிப்புத் தடைச் சட்டம் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அழித்த காட்டு நிலத்தில் விளைந்ததை ஏற்காது, விளைந்த நிலத்தின் அமைவிடத்தையும் கேட்கும், மூலம் தெரியாத எண்ணெய் கலக்கிற மாஸ் பேலன்ஸும் அதற்கு ஆகாது. அமலுக்கு வரும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் அந்த 2020 டிசம்பர் 31 மாறவில்லை.

சப்ளையர் “எஸ்.ஜி.தான் தருகிறோம்” என்று வாயால் சொன்னால் போதாது, பில்லைப் பாருங்கள். சான்று பெற்ற சரக்கு என்றால் ஒவ்வொரு முறையும் விற்பவர், வாங்குபவர் பெயரும் முகவரியும், சரக்கு ஏற்றிய தேதி, அளவு, பொருளின் பெயரோடு எஸ்.ஜி. அல்லது எம்.பி. என்ற குறிப்பு, விற்பவரின் சப்ளை செயின் சான்றிதழ் எண் எல்லாம் தாளில் இருந்தாக வேண்டும். பொருள் வரியில் வெறும் “பாமாயில்” என்று மட்டும் இருந்து, அடியில் நிறுவனத்தின் லோகோவோடு சேர்த்து ஒரு பனை மர முத்திரை அச்சிட்டிருந்தால், அந்தச் சரக்கு சான்று பெற்றது ஆகாது. அந்த நிறுவனம் உறுப்பினராக இருக்கலாம். உறுப்பினராக இருப்பது வேறு, விற்கிற சரக்கு சான்று பெற்றது வேறு. சான்றிதழ் எண்ணை ஆர்.எஸ்.பி.ஓ. தளத்தில் போட்டுப் பாருங்கள், காலாவதி ஆகியிருக்கிறதா, இடைநிறுத்தம் ஏதும் உண்டா என்று அங்கேயே தெரிந்துவிடும். சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு, அதனால் பழைய பி.டி.எஃப்.பை வைத்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது. நீங்களே உங்கள் உறையில் முத்திரை போட வேண்டும் என்றால் உங்களுக்கும் உறுப்பினர் தகுதியும் உரிமமும் வேண்டும். ஆண்டுக்கு 500 டன்னுக்குக் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக எளிய வகை ஒன்று இருக்கிறது.

இப்போது அந்த ஆலைப் பட்டியலுக்கு வருவோம். “முந்தைய ஆறு மாதத்தில் எங்களுக்கு அனுப்பிய எண்ணெய்க்குப் பழம் பிழிந்த ஆலைகளின் பெயர், அமைவிடம், யுனிவர்சல் மில் லிஸ்ட் எண்” என்று எழுதிக் கேளுங்கள். அந்தப் பட்டியல் உலகின் பாமாயில் ஆலைகளுக்கு ஆலைக்கு ஓர் எண் கொடுத்துப் பொதுவில் வைத்திருப்பது. பெரிய வணிக நிறுவனங்கள் பலவும் தங்கள் ஆலைப் பட்டியலை இணையத்திலேயே வெளியிடுகின்றன, ஆகவே “அது ரகசியம்” என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கையில் கிடைத்ததும், காடிழப்பைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் காட்டுகிற குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தைத் திறந்து, ஆலையைச் சுற்றி 50 கிலோமீட்டரைப் பாருங்கள். காடிழப்பு, பீட் நிலம், பாதுகாக்கப்பட்ட பகுதி, இந்த மூன்று அடுக்கு போதும். சுமத்ராவில் ரியாவு மாகாணத்து டெஸ்ஸோ நிலோ தேசியப் பூங்காவைப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும்: பூங்காவின் எல்லைக்குள்ளேயே செம்பனை பரவிக் கிடக்கிறது, அங்கே விளைகிற பழம் இடைத்தரகர் கைமாறி வெளியே இருக்கிற ஆலைகளுக்குப் போய்ச் சேருகிறது.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் காடு அழிந்த இடம் கிடையாது. செம்பனை சுமார் 25 ஆண்டில் ஓய்ந்துவிடும், பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக் கன்று வைப்பார்கள், செயற்கைக்கோளுக்கு அதுவும் மரம் போனதாகத்தான் தெரியும். கட்டம் கட்டமாக, தோட்டப் பாதைகளுக்கு நடுவே தெரிகிற சிவப்பு பெரும்பாலும் மறுநடவு. காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு உள்ளே போகிற சிவப்பைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். அதைப் படம் பிடித்து, “இது உங்கள் ஆலைக்குப் பழம் தரும் நிலமா?” என்று சப்ளையருக்கு அனுப்புங்கள். கேள்வி இப்படிக் குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

மனிதர்கள் எந்த வரைபடத்திலும் தெரிய மாட்டார்கள். தோட்ட வேலைக்கு எல்லை கடந்து வருகிறவர்கள் ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார்கள், பாஸ்போர்ட் முதலாளியிடம் போய்விடுகிறது, குலைக் கணக்கில் கூலி. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் இரண்டு பெரிய உற்பத்தியாளர்களின் பாமாயிலைக் கட்டாய உழைப்பு சந்தேகத்தின் பேரில் நிறுத்தி வைத்தது, இருவருமே ஆர்.எஸ்.பி.ஓ. உறுப்பினர்கள். அதனால் தனியாகக் கேட்டாக வேண்டும்: ஆள் சேர்க்கும் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? பூச்சிமருந்து அடிக்கிற பெண்களுக்கு என்ன பாதுகாப்பு? நிலம் எடுக்கும் முன் ஊர்க்காரர்களிடம் சம்மதம் வாங்கிய பதிவு இருக்கிறதா? “எங்கள் கொள்கை எல்லாவற்றையும் தடை செய்கிறது” என்ற ஒற்றை வரிப் பதில் பதிலே ஆகாது. புகார் வந்தால் எங்கே பதிவாகிறது, எத்தனை தீர்ந்தது என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

இவ்வளவையும் செய்யும்போது சிறு விவசாயிகளை வெளியே தள்ளிவிடுகிற ஆபத்து இருக்கிறது, எனக்கு இதில் மிகுந்த அக்கறை உண்டு. செம்பனை நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையது. இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருப்பவருக்குப் பட்டா சரியாக இருக்காது, ஜி.பி.எஸ். அளவு இருக்காது, தணிக்கைச் செலவும் கட்டாது. தாளெல்லாம் சுத்தமாக வேண்டும் என்று வாங்குகிற எல்லோரும் பெரிய எஸ்டேட்டுக்கே ஓடினால், காட்டை வெட்டாதவரும் விலை படுத்துப்போய் நிற்பார். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்: ஆர்.எஸ்.பி.ஓ. 2019இல் தனிச் சிறு விவசாயிகளுக்கென்றே படிப்படியாக நிறைவேற்றக்கூடிய விதிகளைக் கொண்டுவந்தது, அந்தக் குழுக்களின் கிரெடிட்டை நீங்கள் நேரடியாக வாங்கலாம். எம்.பி. தரத்தில் வாங்குகிற பொருளுக்கு மேல், ஒரு சிறு பங்குக்கு இந்தக் கிரெடிட்டும் வாங்குங்கள். பணம் குழுவுக்கே போகும்.

தவறு கண்டுபிடித்தால் உடனே சப்ளையரை வெட்டிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் சொல்லி, திருத்த ஒரு காலக்கெடு கொடுங்கள். புதுக் காடழிப்பு என்றால் வெட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், நிறுத்தாவிட்டால் வாங்குவதை நிறுத்துங்கள். சிறிய வாடிக்கையாளர் கேட்டு யார் அசைவார்கள் என்று தோன்றினால், அதே சப்ளையரிடம் வாங்குகிற இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாக அனுப்புங்கள். ஆலைப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கேட்டு, பழையதோடு ஒப்பிட்டு, புதிதாக நுழைந்த பெயர்களுக்கு மட்டும் அந்த 50 கிலோமீட்டர் வட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள்.