மாடலையே சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்: டெஸ்டிங்கில் டிசைன் படங்களை எடுத்தாளும்போது நடக்கும் தவறுகள்

மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டு. வாசலில் எடை மேடை, அதைத் தாண்டினால் பூம் பேரியர், அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் அகச்சிவப்பு சென்சார். ட்ரெய்லர் மேடையில் ஏறும், எடை பதியும், பேரியர் தூக்கும், வண்டி போனதும் இறங்கும். இந்த வாசலை ஓட்டும் மென்பொருளை டெஸ்ட் செய்வது எங்கள் நாலு பேரின் வேலை. டிசைன் டீம் அருமையான ஒரு ஸ்டேட் டயகிராம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாசல் எந்தெந்த நிலையில் இருக்கும், எந்த நிகழ்வு வந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் படம் அது; மாடல் என்று நாங்கள் சொல்வதும் அதைத்தான். அந்தப் படத்திலிருந்தே ஒரு கருவி நிரலை உருவாக்கியது. நாங்களும் அதே படத்தைக் கருவிக்குள் போட்டு டெஸ்ட் கேஸ்களை எடுத்துக்கொண்டோம். ஒன்றுகூடத் தோற்கவில்லை. படத்தில் உள்ள எல்லா அம்புக்குறிகளையும் தொட்டாயிற்று என்று ரிப்போர்ட் பச்சைப் பசேலென்று வந்தது.

யார்டில் ட்ரயல் பார்த்த முதல் நாளே, பெட்டி ஏற்றுவதற்காகக் காலியாக வந்த ஒரு 40 அடி ட்ரெய்லரின் பின்பக்கத்தில் பேரியர் இறங்கி உட்கார்ந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். சென்சார் விடும் பீமை, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை, ஏதாவது மறைத்தால் வண்டி உள்ளே வருகிறது என்று அர்த்தம். தொடர்ந்து 3 விநாடி பீம் தெளிவாக இருந்தால் வண்டி போய்விட்டது என்று அர்த்தம். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சந்து ஏமாற்றக்கூடாது என்பதற்குத்தான் அந்த 3 விநாடி. யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் பெட்டி இல்லாத வண்டியில் கேபின் கடந்ததும் வெறும் சேசிஸ்தான், அதாவது பெட்டியைத் தாங்கும் தாழ்வான சட்டம்தான், பின்னால் வரும். அது பீமுக்குக் கீழேயே ஊர்ந்து போய்விடும். 40 அடி சேசிஸ் ஆமை வேகத்தில் கடக்க 3 விநாடி எங்கே போதும்?

கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் ஆச்சரியமே படவில்லை. “காலி வண்டின்னா இது ஏமாந்துடும் தம்பி. பழைய கேட்டும் இப்படித்தான். நாங்க கையில புடிச்சுக்குவோம்” என்றார். எங்கள் ரிப்போர்ட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லாத விஷயம் அவருக்கு வருஷக்கணக்காகத் தெரிந்திருந்தது.

பெரிய தவறு: ஒரே படத்திலிருந்து நிரலும் டெஸ்ட்டும்

படத்தில் சொன்னபடி நிரல் நடக்கிறதா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். வாசலில் நடப்பது படத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது வேலிடேஷன். நாங்கள் முதலாவதை மட்டும் செய்தோம் என்று சொன்னால்கூட அது எங்களுக்குக் கொடுக்கும் சலுகைதான். நிரலும் டெஸ்ட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்; இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் அதிசயம். உண்மையில் அத்தனை நாள் நாங்கள் சோதித்தது நிரலை உருவாக்கிய கருவியைத்தான்.

விமான மென்பொருள்காரர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள். மாடல் வைத்து வேலை செய்பவர்களுக்காக 2011இல் வந்த டி.ஓ-331 என்ற வழிகாட்டி, எந்தத் தேவைகளை வைத்து மாடல் வரையப்பட்டதோ அவை மாடலுக்கு வெளியே தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. மாடல் சரியா என்று உரசிப் பார்க்க வேறொரு கல் வேண்டும் அல்லவா.

தனித்தனி ஆட்கள் எழுதினால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1986இல் ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும் வெளியிட்ட சோதனையில், ஒரே தேவைப் பட்டியலை வைத்து 27 புரோகிராம்கள் தனித்தனியாக எழுதப்பட்டன. ஒவ்வொன்றையும் 10 லட்சம் உள்ளீடுகள் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக எழுதியவை தனித்தனியாகத்தானே தவற வேண்டும்? பல புரோகிராம்கள் அதே உள்ளீட்டில் சேர்ந்து தவறின, அதுவும் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு. வேறு வேறு ஆட்கள் எழுதியதற்கே இந்த நிலை. எங்களுடையது ஒரே படம்.

அப்படியென்றால் டிசைன் படத்தைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம். நிலைகளின் பெயர், செய்திகளின் வடிவம், எல்லை மதிப்புகள் எல்லாவற்றையும் அதிலிருந்து எடுங்கள், உழைப்பு பாதியாகும். கூடவே இன்னொரு சின்ன மாடல் வேண்டும்: வெளியுலகத்தின் மாடல். டிசைன் டீமில் இல்லாத ஒருவர் இரண்டு நாள் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுத வேண்டியது அது. எங்களில் ஒருவர் உட்கார்ந்தார். முதல் நாள் மதியத்துக்குள்ளேயே வண்டி வகைகள் என்று ஒரு பட்டியல் தயார்: ஒரு 40 அடிப் பெட்டி, இரண்டு 20 அடிப் பெட்டி, ஒரே ஒரு 20 அடிப் பெட்டியைப் பின்பக்கம் ஏற்றி முன்பக்கம் காலியாக விட்டது, முழுக் காலி. மூன்றாவதைப் பாருங்கள். ஏற்றின வண்டிதான், ஆனாலும் பீமை ஏமாற்றும்.

அம்புக்குறி எல்லாம் தொட்டாயிற்று, சரி. அம்பே இல்லாத இடம்?

எங்கள் படத்தில் 7 நிலைகள், 9 நிகழ்வுகள். பெருக்கினால் 63 கட்டம். வரைந்திருந்த அம்புகள் 14. மீதி 49 கட்டங்களில் என்ன நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட படங்களை வரைவதற்கான பொது மொழியான யு.எம்.எல். விதிப்படி, அந்த நிலையில் எந்த அம்பையும் கிளப்பாத நிகழ்வு வந்தால் அது சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும். அதனால் சிமுலேஷனில் பிழைச் செய்தி எதுவும் வராது. படம் ஒழுங்காக ஓடுவதுபோலவே தெரியும்.

ஆனால் அந்த 49இல்தான் டிரைவர்கள் வாழ்கிறார்கள். எடை பார்க்கும் நேரத்தில், பேப்பரை மறந்துவிட்டேன் என்று ஒருவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டார். ‘மேடை காலி’ என்ற நிகழ்வு வந்தது, அந்த நிலையில் அதற்கு அம்பு இல்லை, குப்பைக்குப் போனது. அடுத்து ஏறிய வண்டிக்கு முந்தின வண்டியின் எடை ஒட்டிக்கொண்டது. ஒரு எக்செல் தாளில் 63 கட்டமும் போட்டு, காலியாக உள்ள ஒவ்வொன்றுக்கும் ‘கண்டுகொள்ளாதே’, ‘ரத்து செய்’, ‘மணி அடி’, ‘நடக்கவே முடியாது’ என்று நாலில் ஒன்றை எழுதச் சொல்லி டிசைன் டீமை உட்கார வைத்தோம். அரை நாள் வேலை. ‘நடக்கவே முடியாது’ என்று எழுதியதையெல்லாம்தான் முதலில் டெஸ்ட் செய்தோம்.

ஊர் மாறினால் படமும் மாறும்

ஓரிடத்துக்கு வரைந்ததை இன்னோர் இடத்துக்கு அப்படியே கொண்டு போகும் தவறுக்குப் பாடப்புத்தக உதாரணம் ஐரோப்பிய ராக்கெட் ஏரியன் 5. 1996 ஜூன் 4, முதல் பயணம். கிளம்பி சுமார் 40 விநாடியில் வெடித்தது. ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடிய திசைகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம். அதோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது 32,767 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது கணினியிலும் அதே மென்பொருள்தான், ஆகவே அதுவும் அதே காரணத்தால் விழுந்தது. அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதிக்கு ஏரியன் 5இல் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது என்பதுதான் வயிற்றெரிச்சல். புதிய ராக்கெட்டின் பாதைத் தரவைக் கொடுத்து அந்தக் கருவியை முன்கூட்டியே சோதித்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

எங்கள் அளவு ராக்கெட் அளவு இல்லை. மணலிப் படத்தை எண்ணூர்ப் பக்கம் உள்ள இன்னொரு யார்டுக்குக் கொண்டு போனோம், டெஸ்ட் கேஸ்களோடு சேர்த்து. அங்கே உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே பாதை. கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்று சென்சார் கண்ணாடியில் படிந்து, வண்டியே இல்லாதபோதும் பீம் மறைந்ததாகக் காட்டியது. ‘பாதை ஒருவழி’, ‘சென்சார் பொய் சொல்லாது’ என்ற இரண்டு அனுமானங்கள் மணலிப் படத்தின் அடியில் இருந்தன. எழுத்தில் எங்குமே இல்லை. இப்போது ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அனுமானங்களுக்கென்று ஒரு பெட்டி வைக்கிறோம். புது யார்டு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவோம்.

பாலம் போட்டவரே பிழையை மூடுவது

இது நுணுக்கமான தவறு, கண்ணில் படாது. மாடலில் ‘எடை நிலைத்தது’ என்பது ஒரே ஒரு நிகழ்வு. நிஜத்தில் ட்ரெய்லர் பிரேக் போட்டு நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். மேடை இண்டிகேட்டர் 38,420, 38,460, 38,440 என்று எண்களைக் கொட்டும். எந்த எண்ணில் நிலைத்தது என்று முடிவு செய்ய வேண்டியது தயாரிப்பு, அதாவது நாங்கள் சோதிக்கும் வாசல் மென்பொருள். ஆனால் மாடலின் நிகழ்வையும் நிஜக் கருவியையும் இணைக்க நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட், சராசரி எடுத்து ஒரே எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளைவு, தயாரிப்பின் அந்தப் பகுதிக்கு எங்கள் டெஸ்ட்டில் ஒருநாளும் வேலையே வரவில்லை. இணைப்பு ஸ்கிரிப்ட் மொழிபெயர்க்கலாம், முடிவெடுக்கக் கூடாது. அதையும் தயாரிப்பு நிரலைப்போலவே இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

சீக்வென்ஸ் டயகிராம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, எது எதற்குச் செய்தி அனுப்புகிறது என்று மேலிருந்து கீழாகக் காட்டும் படம் அது. அது ஒரு தடவை நடந்த கதை, முழுச் சட்டம் அல்ல. இரண்டு தனித்தனிக் கோடுகளில் உள்ள செய்திகளில் எது முந்தி என்று, இடையில் தொடர்பு இல்லாவிட்டால், படம் சொல்வதே இல்லை. மேலே வரைந்ததுதான் முதலில் வர வேண்டும் என்று டெஸ்ட் எழுதினால் சரியான நிரல் தோற்கும். ஒரு வாரம் வீணாகும். எங்களுக்கு வீணானது.

போனில் பேசி நிரலை மட்டும் திருத்திவிட்டுப் படத்தை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஒவ்வொரு டெஸ்ட்டிலும் அது எந்தப் பதிப்புப் படத்திலிருந்து வந்தது, எந்தத் தேவை எண்ணுக்கு என்று எழுதி வையுங்கள். பொருந்தாவிட்டால் ஓடக்கூடாது.

கடைசியாக, தெரியாததை மறைப்பது. என்ன நடக்கும் என்று தெரியாததால் அட்டவணையில் கேள்விக்குறி போட்ட வரிசைகளை ரிப்போர்ட்டில் இருந்து எடுத்துவிட்டுச் சதவீதம் காட்டும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. காலி ட்ரெய்லர் பிரச்சினையைத் தீர்க்கத் மேலே வண்டி நிற்பதை உணரும் கம்பிச் சுருளான லூப் சென்சாரைத் தரையில் பதித்து, மாடலைத் திருத்தி, வண்டி வகைப் பட்டியலை அந்தச் செக்யூரிட்டி அண்ணனிடம் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, “கம்பி ஏத்துன லாரி பின்னாடி அவ்ளோ நீளத்துக்கு நீட்டிக்கினு வருமே, அதுக்கு இன்னா பண்ணுவ?” என்றார். சக்கரம் லூப்பைத் தாண்டியிருக்கும், கம்பி பேரியருக்குக் கீழேயே இருக்கும். அந்த வரிசையைச் சேர்த்தோம். இந்த மாத ரிப்போர்ட்டிலும் அது கேள்விக்குறியோடுதான் போயிருக்கிறது.