புள்ளிக் குதிரை வளர்க்கணுமா? முதல்ல காலைப் பாரு

எங்க தாத்தா தண்டையார்பேட்டையில ஜட்கா ஓட்டினவர். ‘நிறத்தைப் பாத்து வாங்குறவன் லாடத்துக்கே கடன் வாங்குவான்’னு சொல்லுவார். நான் இப்போ மீஞ்சூர் பக்கம் ரெண்டு பொட்டைக் குதிரை வெச்சிருக்கேன்.

தாண்டி ஓடுற விளையாட்டுக் குதிரை வேணும்னா குளம்பு, மூட்டு, நடை பாரு தம்பி. கெட்டித் தரையில நேரா நடக்கவிட்டு, பின்னாடி நின்னு கவனி. புள்ளி அப்புறம்தான். டென்மார்க்கோட நாப்ஸ்ட்ரப்பர் இனமே 1812-ல ஒரு புள்ளிக் குதிரையில தொடங்கினதுதான், ஆனா அந்தப் பேருக்காகக் கோணல் காலை வாங்காதே.

புள்ளிக்குக் காரணம் எல்பி மரபணு. தாய், தகப்பன்ல ஒண்ணுகிட்ட ஒரு பிரதி இருந்தா, குட்டிக்கு வர பாதி வாய்ப்பு. ரெண்டு பிரதியோட பிறந்தது பெரும்பாலும் வெளுப்பா, புள்ளி குறைச்சலா இருக்கும். பிறவியிலேயே இருட்டுல கண்ணு தெரியாது. அதனால புள்ளியோட புள்ளி சேர்க்குறதுக்கு முன்ன மரபணுச் சோதனை பண்ணிடு. அந்தியில வழியில ஒரு வாளி வெச்சு, தடுமாறுதான்னு பாக்குறது என் பழக்கம்.

வாங்கும்போது கிளாண்டர்ஸ்ங்கிற கொடிய தொற்றுநோய்க்கான ரத்தச் சோதனையை விடாதே. சினை ஏறக்குறைய 11 மாசம். குட்டி 1 மணி நேரத்துல நிக்கணும், 2 மணி நேரத்துல பால் குடிக்கணும், 3 மணி நேரத்துக்குள்ள தாய்க்கு நஞ்சுக்கொடி விழணும். தவறினா விடியட்டும்னு இருக்காம டாக்டருக்குப் போன் போடு. நான் ஒருதடவை விடியட்டும்னு இருந்தேன்.