ராயல் கிராமா வளர்க்க: முதலில் பொந்து, அப்புறம் மீன்

ராயல் கிராமா என்ற சின்னக் கடல்மீனை வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தொட்டிக்குள் வைக்கும் பாறையைத்தான் யோசிக்க வேண்டும். முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி மஞ்சள், 8 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. கரீபியன் கடலிலும் பஹாமாஸ் பக்கமும் பவளத்திட்டுப் பொந்துகள்தான் இதன் வீடு. கொஞ்ச தூரம் வெளியே வந்து நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களைக் கொத்தும். நிழல் ஆடினால் உள்ளே போய்விடும். ஒளிய இடமில்லாத தொட்டியில் இது மிரண்டே கிடக்கும்.

ராமேஸ்வரம் பக்கமிருந்து பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2001 முதல் நம் நாட்டுப் பவளப்பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு இருக்கிறது. செயற்கைப் பாறையே போதும். மணல் போடும் முன்பே கற்களை அடிக்கண்ணாடிமேல் ஆடாமல் உட்கார வையுங்கள். இரண்டு கற்களுக்குமேல் ஒரு தட்டைக்கல் வைத்துக் கூரை போடுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவு வாசல், பின்பக்கம் இன்னொரு வழி. அந்தக் கூரை முக்கியம். இந்த மீனுக்குப் பாறை எந்தப் பக்கமோ வயிறு அந்தப் பக்கம்; கூரைக்கு அடியில் போனதும் மெதுவாகப் புரண்டு, வயிற்றைக் கல்லுக்குக் காட்டியபடி தலைகீழாக நீந்தும். ஈரோட்டில் எங்கள் தொட்டியைப் பார்த்த மாமா, "மாப்ளே, உன்ற மீனு செத்துப்போச்சாட்ட இருக்குது" என்று பதறிவிட்டார். துடுப்பு ஆடுகிறதா, தீனிக்கு வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மீன் நலம்.

நம் பக்கத்து போர் தண்ணீர் இதற்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல்மீன் தொட்டி உப்பைக் கரைத்து, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். சமையல் உப்பு கூடவே கூடாது. 100 லிட்டருக்குக் குறையாத தொட்டியாக இருக்கட்டும். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நிலைக்க ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை மீன் வேண்டாம்.

வெப்பம் 24 முதல் 26 டிகிரி. கத்திரி வெயிலில் நம் ஊரில் மின்விசிறி மட்டும் சமாளிக்காது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது என்பதால், குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கடையில் நின்று நிதானமாகப் பாருங்கள். ராயல் டாட்டிபேக் என்று இதே நிறத்தில் வேறொரு மீன் உண்டு. பசிபிக் பக்கத்து மீன், சரியான சண்டைக்காரன். அதில் கத்தரிப்பூவும் மஞ்சளும் கோடு போட்டதுபோல் பிரியும். கிராமாவில் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலக்கும். கண் வழியாக ஒரு கருங்கோடு ஓடும், முதுகுத்துடுப்பின் முன்பக்கம் ஒரு கரும்பொட்டு இருக்கும்.

சின்னத் தொட்டியில் ஒன்றே போதும். இரண்டு விட்டால், ஒன்றையொன்று பார்த்து வாயை அகலத் திறந்து மிரட்டும், அடுத்தது துரத்தல்தான். மிரண்டால் துள்ளிக் குதிக்கும் என்பதால் வலைமூடி அவசியம். புதிதாக விட்ட அன்று விளக்கை அணைத்துவிடுங்கள். தீனிக்கு, உறையவைத்து விற்கும் மைசிஸ், ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகைகளை உறைநிலை போகக் கரைத்து, நாளுக்கு இருமுறை கொஞ்சமாக, பொந்து வாசலை ஒட்டி நீரோட்டத்தில் விடுங்கள்.

சில மாதம் கழித்து மீன் வாயில் பாசியைக் கவ்விப் பொந்துக்குள் கொண்டுபோனால், அது ஆண் மீன், கூடு கட்டுகிறது. கடலில் பெண் மீன்கள் வந்து முட்டையிட்டுப் போக, இதுதான் காவல் இருக்கும். தொட்டி கழுவும்போது அந்தப் பாசியை மட்டும் எடுக்காதீர்கள்.