கவெய்ன் கதையை வாய்விட்டு வாசிக்கும் முறை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்கு ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ சொல்லித் தருகிறேன். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆங்கில வீரக்காவியம், 2,530 அடிகள். ஆர்தர் மன்னனின் வீரன் கவெய்ன், பச்சை வீரன் விட்ட சவாலை ஏற்று அவன் தலையை வெட்டுகிறான்; ஓராண்டு கழித்துப் பதில் வெட்டு வாங்கத் தேடிப் போகிறான், வழியில் ஒரு கோட்டையில் தங்குகிறான்.

கதைச் சுருக்கத்தில் தொடங்காதீர்கள், காதில் தொடங்குங்கள். ஒரே அடிக்குள் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும், நம் மோனைதான். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மோனை ஒலிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த இடங்களில் தொடையில் தட்டி வாசியுங்கள். ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் வெண்பாவின் தனிச்சொல் மாதிரி ஒரு குட்டிச் சொற்றொடர் தொங்கும். பின்னால் நான்கு குறுவரிகள். அங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள்.

அப்புறம் மூன்றாம் பகுதி. வெளியே கோட்டைத் தலைவன் மான், பன்றி, நரி என்று மூன்று நாள் வேட்டையாட, உள்ளே அவன் மனைவி கவெய்னைச் சோதிக்கிறாள். இரண்டையும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள். நரி வேட்டை நாளில்தான் கவெய்ன் அவள் தரும் பச்சைக் கச்சையை, அதாவது இடுப்புப் பட்டையை, வாங்கிக் கோட்டைத் தலைவனிடம் சொல்லாமல் மறைக்கிறான். “அவனும் நரி மாதிரி ஒளிக்கான்லா!” என்றாள் ஒரு சிறுமி. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கிடைத்தது ஒரே கைப்பிரதி. 1731-இல் இங்கிலாந்தின் காட்டன் நூலகத் தீயில் தப்பி, 1839-இல்தான் அச்சேறியது. உ.வே.சா. ஏடு தேடி நெல்லைக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியில், பச்சை வீரனின் மூன்றாம் வெட்டு கவெய்ன் கழுத்தில் லேசாகக் கீறி, பனியில் இரத்தம் சிதறும். அந்த அடிகளை மெதுவாக, இரண்டு தடவை வாசியுங்கள்.