தரையில் நிற்கும் பழைய ஸ்பீக்கர் இரண்டு ஜோடியை வீட்டில் ஒப்பிட்டுக் கேட்பது

இரண்டு ஜோடியை ஒரே அறையில் நிறுத்தி, மாற்றி மாற்றிப் போட்டு, "இதுதான் உசத்தி" என்று சொல்லிவிடுவது சுலபம். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பைச் சொல்ல வைத்தது ஸ்பீக்கரின் குணமாக இருக்காது. எது கொஞ்சம் சத்தமாக ஒலித்தது, எது சுவருக்குப் பக்கத்தில் நின்றது, எதன் உள்ளே கெட்டுப்போயிருந்தது என்பவைதான் தீர்மானித்திருக்கும். இந்த மூன்றையும் முதலில் சரிக்கட்ட வேண்டும்.

பேச்சுக்கு, நேர் எதிரான இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிளிப்ஷ் கம்பெனி 1959இல் கொண்டுவந்த கார்ன்வால்: 15 அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு), மேலே இரண்டு ஹார்ன் (சத்தத்தைக் குவித்து அனுப்பும் புனல்), துளை வைத்த அகலப் பெட்டி. மூலையிலும் வைக்கலாம், சுவரோரமும் வைக்கலாம் என்பதால் 'கார்னர்', 'வால்' இரண்டையும் ஒட்டிய பெயர். மற்றது அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் 1978 மாடல் ஏஆர்9: ஒலியை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் நாலு வழி, காற்றுப் புகாத பெட்டி, அடியில் பக்கவாட்டைப் பார்க்கும் இரண்டு 12 அங்குல வூஃபர். ஏஆர்9 பெட்டி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 59 கிலோ. தனியாக நகர்த்த முயன்றால் முதுகுதான் போகும்.

கேட்பதற்கு முன் ஸ்பீக்கரின் உடல்நிலை

வலை மூடியைக் கழற்றி வூஃபர் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். ஏஆர்9இல் அது ஃபோம். பதினைந்து, இருபது வருஷத்தில் பொடிந்துவிடும். ஈரக்காற்று அதிகமுள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். விரல் நுனியால் லேசாகத் தொட்டால் கறுப்புப் பிசின் ஒட்டுகிறதா? அப்படியானால் ஓட்டவே ஓட்டாதீர்கள். புது விளிம்பு ஒட்டிய பிறகுதான் பேச்சு. கார்ன்வால் வூஃபரின் விளிம்பு ஃபோம் இல்லை என்பதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது.

மூடிய பெட்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. கூம்பை இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பிடித்து விடுங்கள். மெல்ல, சோம்பலாக வெளியே வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று கசிகிறது: வூஃபர் அடியிலுள்ள பழைய சீல், பின்பக்கக் கனெக்டர், அல்லது கூம்பிலேயே ஓட்டை. கசிகிற பெட்டியின் பேஸைக் கேட்டு அந்த மாடலையே குறை சொல்வது நியாயமில்லை.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து (ஆம்ப்) கழற்றிய நிலையில் கனெக்டர்களுக்கு இடையே மல்ட்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சாதாரணமாக 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும், 4 ஓம் என்றால் 3க்கு மேல். எண்ணை விட, ஒரே ஜோடியின் இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பிறகு 1.5 வோல்ட் பேட்டரியைக் கண நேரம் மட்டும் தொட்டுப் பாருங்கள். + முனை சிவப்பில் இருந்தால் வூஃபர் முன்னே வர வேண்டும். (பழைய ஜேபிஎல்லில் இது தலைகீழ், பழுது என்று பயப்பட வேண்டாம்.) பெட்டிக்குள் முன்பு யாரோ கை வைத்து ஒயரை மாற்றிச் சொருகியிருப்பது இந்தச் சந்தையில் சகஜம். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காது.

அடுத்தது ஸ்விட்ச். ஏஆர்9இல் மிட் (நடு ஒலி), ட்வீட்டர் (உச்ச ஒலி) இவற்றின் அளவைக் குறைக்க 0, −3, −6 டெசிபல் என்று ஸ்விட்சுகள் உண்டு. நாற்பது வருஷம் ஒரே இடத்தில் கிடந்து உள்ளே கறுத்துப்போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை மேலும் கீழும் தட்டி, கடைசியில் எல்லாவற்றையும் 0இல் நிறுத்துங்கள். ட்வீட்டர் செத்துவிட்டது என்று விலையைக் குறைத்து விற்கப்படும் பல பழைய ஸ்பீக்கர்களில் செத்தது ஸ்விட்சோ, அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகோதான்.

கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சர்க்யூட்) உள்ள கெப்பாசிட்டர்களை, ஒவ்வொன்றிலும் ஒரு முனைக் கம்பியைக் கழற்றி அளக்க வேண்டும். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் இடதும் வலதும் இரண்டு மாடல்களாகிவிடும்.

சத்தத்தைச் சமப்படுத்துவது

கார்ன்வால் 1 வாட்டில் ஒரு மீட்டரில் தரும் சத்தம் 98 டெசிபலைத் தாண்டும். ஏஆர்9 சுமார் 87. அதாவது அங்கே 1 வாட் செய்கிற வேலைக்கு இங்கே 10 வாட்டுக்கு மேல் வேண்டும். வால்யூமைத் தொடாமல் மாற்றினால் கார்ன்வால்தான் 'உயிரோட்டமாக' கேட்கும். அரை டெசிபல் கூடியிருந்தாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும்.

பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) கோப்பு ஒன்றை எடுத்து, 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழு நாய்ஸைப் போட்டால் அறையின் பேஸ் மீட்டரைக் குழப்பும். நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ஸ்டாண்டில் மீட்டரை வைத்து 75 டெசிபல் காட்டும்படி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். வித்தியாசம் மட்டுமே தேவை என்பதால் போன் ஆப் போதும். ஆனால் போனைக் கையில் பிடிக்கக் கூடாது, அசைக்கவும் கூடாது. கம்ப்யூட்டர் பிளேயரின் டிஜிட்டல் வால்யூமில் அந்தந்த ஜோடிக்கான எண்ணைக் குறித்துக்கொண்டு, மாற்றும்போது அதையும் மாற்றினால் முடிந்தது. சத்தத்தைக் குறைக்க ஸ்பீக்கர் ஒயரில் ரெசிஸ்டர் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். வூஃபர் மேல் ஆம்ப்புக்கு இருக்கும் பிடி தளர்ந்து பேஸே மாறிவிடும்.

எந்த ஜோடி ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஆம்ப்பின் ஏ, பி பட்டனில் கவனம். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 8 ஓமும் 4 ஓமும் இணையாகச் சேர்ந்து 2.7 ஓம் ஆகும். பழைய ரிசீவர்கள் பல அதோடு சரி.

நிற்கும் இடம்

ஒரே இடத்தில் இரண்டும் நிற்க முடியாது என்பதுதான் இந்த வேலையின் பெரிய தொல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அரை மீட்டர் வித்தியாசமே பேஸை மாற்றிவிடும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் வூஃபருக்கு 86 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும், 60 செ.மீ. என்றால் 143. இதோடு அறையின் சொந்த முழக்கமும் சேரும்: 5 மீட்டர் நீள அறை 34 ஹெர்ட்ஸிலும், 3.6 மீட்டர் அகலம் 48இலும் பொங்கும்.

அதற்காக இரண்டையும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைப்பது நியாயம் என்று நினைக்க வேண்டாம். இவை இரண்டுமே சுவரை நம்பிச் செய்யப்பட்டவை. நவீன ஸ்பீக்கர் போல அறை நடுவுக்கு இழுத்தால் கார்ன்வால் மெலிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நல்ல இடத்தைத் தேடி, தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, அந்த இடத்தில் வைத்தே கேளுங்கள். மாற்ற பத்து நிமிஷம் ஆகட்டும், பரவாயில்லை.

ஓடாத ஜோடியை அறைக்கு வெளியே தள்ளுவது உத்தமம். முடியாவிட்டால் அதன் ஒயரை ஆம்ப்பிலிருந்து முழுக்கக் கழற்றி, ஸ்பீக்கரின் +, − முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். இணைக்காமல் விட்டால் அந்தப் பெரிய கூம்புகள் மற்றதன் இசைக்குத் தாமும் ஆடி பேஸை விழுங்கும். அந்தக் கம்பியில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். மறந்து ஆம்ப்போடு இணைத்தால் அது நேர் ஷார்ட்.

டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் சுவர் என்றால் ஹார்ன் காதைக் குத்தும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கெட்டி ஜமுக்காளம் இரண்டை விரித்த பிறகு கேட்டுப் பாருங்கள்.

கேட்பது

முதல் சுற்றில் ஜோடிக்கு ஒரு பெட்டி மட்டும், மோனோவில். ஸ்டீரியோவின் பரப்பு பல குறைகளை மூடிவிடும். ஸ்பீக்கர் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் தம் ஆய்வுகளில் மோனோவில்தான் காது கறாராகத் தீர்ப்பு சொல்கிறது என்று கண்டார். 1994இல் சக ஆய்வாளர் ஷான் ஆலிவோடு சேர்ந்து அவர் செய்த இன்னொரு சோதனையில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்களின் மதிப்பெண் பார்க்காமல் கேட்டதிலிருந்து மாறியது. எனவே மெல்லிய பாலியெஸ்டர் துணி ஒன்றை நடுவே தொங்கவிட்டு, மாற்றும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். கனத்த திரைச்சீலை ட்வீட்டரைத் தின்றுவிடும்.

ஒரே முப்பது விநாடித் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். தம்பூரா சுருதி நல்ல தொடக்கம்: சீராக ஓடும் அதன் மேல்சுரங்கள் எங்கேயாவது தகரம் போல் துருத்தினால் மிட் ஹார்னோ கிராஸ்ஓவரோ மாட்டிக்கொள்ளும். அடுத்து மிருதங்கத் தனி. தொப்பியில் (பேஸ் தரும் இடது பக்கம்) கும்கி என்ற தேய்ப்பு நாதம் வழுக்கும்போது முழுப் பாதையும் ஒரே கனத்தில் கேட்கிறதா, ஒரு சுரத்தில் மட்டும் வீங்குகிறதா? இரண்டு ஜோடியிலும் அதே சுரம் வீங்கினால் குற்றவாளி அறை. ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஸ்பீக்கரோ, அது நிற்கும் இடமோ. வலந்தலையில் (வலது பக்கம்) விழும் சாப்பு என்ற அடி கார்ன்வாலில் சுண்டி அடிக்கும். ஏஆர்9 அந்த வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அடியாழத்தை இன்னும் கீழே இறக்கும். கடைசியாகப் பேச்சுக் குரல், நன்றாகத் தெரிந்த ஒருவருடைய பதிவு.

எழுபதுகளின் சினிமாப் பாட்டை வைத்துப் பேஸை எடைபோட வேண்டாம், பதிவிலேயே இருக்காது. அரை மணிக்கு மேல் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்து, எது மென்மையோ அதற்கே ஓட்டுப் போடும். மறுநாள் வரிசையை மாற்றி, முந்தைய குறிப்பைப் பார்க்காமல் இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டு நாள் குறிப்பும் முட்டிக்கொண்டால், வேறெதற்கும் முன் சத்த அளவைத் திரும்ப அளந்து பாருங்கள்.